பின் ஆசனத்துச் சௌகரியம்

திருச்சிராப்பள்ளிச் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து புறப்பட்டு, காவிரியையும் கொள்ளிடத்தையும் தாண்டி, நம்பர் 1 டோல்கேட்டில் கிழக்கே திரும்பி, வாளாடி வழியாக லால்குடிக்கு வந்து சேருகிற சாலையில், வாழைத்தார் ஏற்றிய லாரிகளுக்கும் டவுன் பஸ்களுக்கும் இடையே, முகூர்த்த நாட்களில் மட்டும் ஒன்றிரண்டு மிகப் பெரிய கார்கள் தென்படுவதுண்டு. ஏறக்குறைய 18 அடி நீளமும் 6 அடிக்கு மேற்பட்ட அகலமும் உள்ள அந்த வாகனங்களின் வெளித்தோற்றத்தைப் பற்றிக் கடைத்தெருவில் நிற்பவர் அனைவருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. ஒன்றே முக்கால் கோடி ரூபாயைக் கொடுத்து அதை வாங்கியவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அமர்ந்த பிறகு அவருக்கு உண்மையில் கிடைப்பது என்ன என்னும் கேள்வியைத்தான் யாரும் நிதானமாக ஆராய்வதில்லை. விளம்பரங்கள் இக்கேள்விக்குப் பட்டியலாகப் பதில் சொல்கின்றன. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் உட்கார்ந்திருப்பவருக்கு வேலையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா என்று கேட்டுப் பார்த்தால் விஷயம் வேறு விதமாகத் தெரியும். சொகுசு என்பது மனிதனிடமிருந்து யந்திரம் எவ்வளவு குறைவாக வேலை வாங்குகிறது என்பதைப் பொறுத்தது என்பதும், சென்ற 25 ஆண்டுகளில் இவ்வகைக் கார்களின் உட்புறம் ஒரு பக்கம் அந்த லட்சியத்தை நோக்கி வெகுதூரம் முன்னேறி, மற்றொரு பக்கம் அதிலிருந்து வெகுதூரம் விலகிப் போயிருக்கிறது என்பதும் என் கட்சி.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்குப் பூர்வ சம்பந்தம் உண்டு. சென்னையில் 1840ஆம் ஆண்டு குதிரை வண்டிகள் கட்டும் தொழிலாகத் தொடங்கிய சிம்ப்ஸன் கம்பெனியில்தான், 1903இல், சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவிக் கார் ஒன்றைச் செய்து சென்னை வீதிகளில் ஓட்டிக் காட்டினார். மோட்டார் வாகனத்தின் உட்புறக் கலை யாவுமே இப்படிப்பட்ட சாரட்டு வண்டித் தொழிலாளரின் கையிலிருந்து வந்ததாகையால், மெத்தை தைப்பதும் மரப்பலகை இழைப்பதும் கதவின் பிடியைக் கைக்கு அடக்கமாக வார்ப்பதும் யந்திரத்துக்கு முன்பே முதிர்ந்திருந்த வித்தைகள். நெடுங்காலத்துக்குப் பின்னர், வண்டலூர்ப் பக்கத்தில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை, 1985இல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற பெயரில் ஒரு சொகுசுக் காரை வெளியிட்டது. ஐரோப்பாவில் 1977ஆம் ஆண்டின் சிறந்த கார் என்று பரிசு பெற்ற ரோவர் எஸ்டி1 காரின் உடலையும், பழைய வான்கார்டு எஞ்சினின் வழிவந்த 2 லிட்டர் எஞ்சினையும் ஒன்றுசேர்த்து, நம் ஊர்ச் சாலைகளுக்கென்று உயரத்தைக் கூட்டி அமைத்த அந்தக் கார், மூன்று ஆண்டுகளுக்குள் தானும் மறைந்து தொழிற்சாலையையும் மூடவைத்தது. ஆயினும் மூலக்காரான ரோவரின் டாஷ்போர்டில் ஒரு நயம் இருந்ததை இங்கே குறிப்பிட வேண்டும். வேகமானியும் மற்ற மானிகளும் ஒரு தனிப் பெட்டிக்குள் அடங்கி, நீண்ட தட்டின்மேல் தூக்கி வைத்தாற்போல் இருக்கும். ஸ்டியரிங் வலப்புறம் உள்ள நாடுகளுக்கு அப்பெட்டி வலப்பக்கமும், இடப்புறம் உள்ள நாடுகளுக்கு இடப்பக்கமும் போய்விடும். ஸ்டியரிங் தண்டுக்காக விட்ட துவாரம் எந்தப் பக்கத்தில் மிஞ்சுகிறதோ அந்தப் பக்கத்தில் அது காற்று வரும் வழியாகிவிடும். சிக்கனத்திலிருந்து பிறந்த அழகு அது. இன்றைய பெருங்கார்களில் பிரமிக்க வைக்கும் பொருள்கள் பல உண்டு. இந்த ஜாதி புத்திசாலித்தனம் அபூர்வம்.

பிறகு 2007 மார்ச் மாதத்தில், செங்கல்பட்டுக்கு வடக்கே சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்த மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை தொடங்கிற்று. பாகங்களைப் பெட்டிகளில் வரவழைத்துப் பூட்டும் தொழிலாகவே ஆரம்பித்த அங்கு, 2015 வாக்கில் பாகங்களில் பாதி வரை உள்நாட்டிலேயே பெறப்படும் நிலை வந்தது. ஃபோர்ஸ் மோட்டார்ஸ் எஞ்சினையும், இசட்.எஃப். அச்சுகளையும், டிரெக்ஸ்ல்மையர் கதவுப் பலகைகளையும் மின்கம்பிக் கோவையையும், லியர் ஆசனங்களையும் அளித்து வந்தன. அந்த ஆண்டு சச்சின் டெண்டுல்கரைக் கொண்டுவந்து ஒரு காரைப் பூட்டச் செய்து விழாவும் எடுத்தார்கள். கிரிக்கெட் வீரர் திருகிய ஆணியைப் பிற்பாடு யாராவது சரிபார்த்திருப்பார்கள் என்று நம்புவோமாக. இந்தத் தொழிற்சாலையிலிருந்துதான் 2023 ஜனவரியில் இந்தியாவில் அறிமுகமான புதிய 7 சீரிஸின் பெட்ரோல் வகை வெளிவருகிறது. அதன் மின்சாரச் சகோதரமான ஐ7 வெளிநாட்டிலிருந்து முழுவதாக இறக்குமதியானது. மெர்சிடிஸ் கம்பெனியாரின் எஸ் கிளாஸ் புனேக்கு அருகே சாக்கணில் பூட்டப்படுகிறது. இவ்விரண்டையும் முக்கியமாக வைத்துக்கொண்டு, மற்றவற்றைத் தேவையான இடத்தில் தொட்டுச் செல்கிறேன்.

அளவுகளை முதலில் பார்ப்போம். 7 சீரிஸின் நீளம் 5,391 மில்லிமீட்டர். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3,215 மில்லிமீட்டர். எஸ் கிளாஸின் நீண்ட வகையில் பின்சொன்ன அளவு 3,216. ஜெர்மானியரின் இரு பெரும் கம்பெனிகள் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் வந்து நிற்பது தற்செயலன்று: இரண்டும் ஒரே மனிதரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை, அந்த மனிதர் பின் ஆசனத்தில் இடப்பக்கம் அமர்ந்திருக்கிறார். முன்பெல்லாம் குட்டை வகை ஒன்றும் நீண்ட வகை ஒன்றுமாக வந்த 7 சீரிஸ், இத்தலைமுறையில் உலகமெங்கும் நீண்ட வகையாக மட்டுமே வருகிறது. சீனத்திலும் நம் நாட்டிலும் காரை வாங்குகிறவர் ஓட்டுகிறவராக இருப்பதில்லை என்பதைத் தயாரிப்பாளர்கள் தெரிந்துகொண்டுவிட்டார்கள். அடுத்த தரத்துக் கார்களிலும் இதே கதைதான். 2024இல் 5 சீரிஸும் ஈ கிளாஸும் நம் நாட்டுக்கு நீட்டப்பட்ட உருவத்திலேயே வந்தன. ஆகவே இந்தியாவில் சொகுசுக் காரின் உள்ளமைப்பை மதிப்பிடுவோர், ஸ்டியரிங்கின் பின்னால் உட்கார்ந்து எழுதும் மேனாட்டு விமரிசகர்களின் அளவுகோலை அப்படியே கடன் வாங்குவது பிசகு.

ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் ஓடுகிற வீதிகளை அறிந்தவர்களுக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வரலாம். தேரில் செதுக்கு வேலையும் தொம்பைகளும் சீலைகளும் யாவும் வீதியில் நிற்பவருக்கே உரியவை. உள்ளே எழுந்தருளியிருக்கும் நம்பெருமாளுக்கு ஆசனம் ஒன்றுதான். பழைய பெருங்கார்களும் ஏறத்தாழ இந்தச் சம்பிரதாயத்தையே பின்பற்றி, நீண்ட முகப்பையும் வெள்ளிப் பூச்சையும் ஊராருக்குக் காட்டி, உள்ளே நல்ல மெத்தையும் சிறிது மரமும் வைத்து நிறுத்திக்கொண்டன. இப்போது அலங்காரம் உள்ளே குடியேறிவிட்டது. வெளியே எஞ்சியிருப்பது, ஸ்வரோவ்ஸ்கி ஸ்படிகம் பதித்த முகப்பு விளக்கு போன்ற சில நகைகள்தாம். அவற்றைக் குறித்து அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஆசனத்துக்கு வருவோம். தோல் என்றால் உயர்வு என்பது இன்று யாரும் விவாதிக்காத சித்தாந்தம். ஆனால் மோட்டாரின் ஆரம்ப காலத்து லிமோசின்களில், கூரையற்ற முன்பக்கத்தில் வெயிலிலும் மழையிலும் அமர்ந்து ஓட்டிய சாரதிக்குத்தான் தோல் தைத்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்த எஜமானருக்கு மிருதுவான கம்பளித் துணி. தோல் நனைந்தாலும் துடைத்துக்கொள்ளலாம் என்பதே அதன் தகுதியாக இருந்தது. ஜப்பானியச் சக்கரவர்த்தியின் குடும்பத்தினரும் பெருந்தொழிலதிபர்களும் உபயோகிக்கும் டொயோட்டா செஞ்சுரி கார், இன்றளவும் கம்பளித் துணி ஆசனத்தையே தன் இயல்பான அமைப்பாகக் கொண்டிருக்கிறது: துணி கிறீச்சிடாது, உடையைப் பிடித்து இழுக்காது, குளிர்காலத்தில் சில்லிடாது. நம் அம்பாஸிடரில் அதிகாரிகள் ரெக்ஸின் மெத்தையின்மேல் வெள்ளை டர்க்கி டவலை விரித்து அமர்ந்தார்களே, அதை அந்தஸ்தின் சின்னமாக மட்டும் பார்த்துச் சிரிப்பது சரியன்று; சித்திரை மாதத்து மத்தியானத்தில் ரெக்ஸினில் வேட்டியோடு உட்கார்ந்து பார்த்தவருக்கு அந்தத் துவாலையின் சாஸ்திரம் விளங்கும். இன்றைய கார்களில் அதே காரியத்தைச் செய்வதற்கு, மெத்தைக்குள் சிறு விசிறிகளை வைத்து, தோலில் ஊசிமுனைத் துளைகள் இட்டு, அவற்றின் வழியே காற்றைச் செலுத்துகிறார்கள். திருச்சியின் கோடையில் இதற்கு ஈடான சௌகரியம் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். புதிய 7 சீரிஸில் மெரினோ தோலோடு காஷ்மீர் ஆட்டுக் கம்பளித் துணியையும் விருப்பத் தேர்வாகக் கொடுத்திருக்கிறார்கள். லால்குடியில் கம்பளியா என்று நகைக்கத் தோன்றும். ஆனால் வியர்வையை வாங்கி வெளியே விடும் குணம் கம்பளிக்கு உண்டென்பதையும், கல்யாணத்துக்குக் கிளம்பிய பெண்மணியின் பட்டுப் புடவை தோலில் வழுக்குவதுபோல் துணியில் வழுக்காதென்பதையும் யோசித்தால், நகைப்புக்கு இடமில்லை.

சாய்மானம் வேறு விஷயம். இடப்பக்கப் பின் ஆசனத்தை 42.5 டிகிரி வரையில் சாய்த்து, முன் ஆசனத்தை முன்னே தள்ளி, காலுக்குத் தாங்கல் நீட்டிக்கொண்டு ஏறத்தாழப் படுத்தே போகும் ஏற்பாடு 7 சீரிஸில் விருப்பத் தேர்வாகக் கிடைக்கிறது. எஸ் கிளாஸிலும் இதையொத்தது உண்டு. சென்னைக்கு ஐந்தரை மணி நேரப் பிரயாணம் செய்கிற முதுகுவலிக்காரருக்கு இது பெரும் வரப்பிரசாதம். ஆனால் சாய்ந்த உடலுக்கு சீட் பெல்ட்டின் இடுப்புப் பட்டை சரியாகப் பொருந்துவதில்லை. மோதல் நேர்ந்தால் உடல் பட்டையின் கீழே வழுக்கி முன்னே போகும். இந்த அபாயத்தை உணர்ந்துதான் மெர்சிடிஸார் 2013ஆம் ஆண்டு எஸ் கிளாஸில் சாய்வாசனத்தின் மெத்தைக்குள்ளேயே ஒரு காற்றுப்பையை வைத்து, மோதலின்போது தொடையின் அடியை அது உயர்த்திப் பிடிக்கும்படி செய்தார்கள். 2020ஆம் ஆண்டு மாடலில் பின் ஆசனத்தாருக்கு எதிரே விரியும் காற்றுப்பையும் வந்தது. பட்டையே போடாதவருக்கு இவற்றால் பயன் மிகக் குறைவு. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிரத்துப் பால்கர் அருகே விபத்தில் இறந்தபோது, பின்னால் அமர்ந்திருந்தவர்கள் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று போலீஸார் தெரிவித்தனர். அதன் பின்னும் நம் பக்கத்தில் பின் ஆசனத்தில் பெல்ட் மாட்டுகிறவரை ஏதோ பயந்தவர்போல் பார்க்கும் வழக்கம் போகவில்லை. பெல்ட்டின் கொக்கியை மெத்தையின் இடுக்கிலிருந்து விரல் விட்டுத் தேடும்படி வைக்கிற வடிவமைப்பாளரும் இக்குற்றத்தில் பங்காளியே. புதிய எஸ் கிளாஸில் அக்கொக்கி ஒளிவிட்டுத் தன்னைக் காட்டிக்கொள்ளச் செய்திருப்பதை, அறுபத்துநான்கு வர்ண அலங்கார விளக்குகளைவிட மேலான கைங்கரியமாக நான் கருதுகிறேன்.

மௌனத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ரோல்ஸ் ராய்ஸ் காரில் மணிக்கு 60 மைல் வேகத்தில் கேட்கும் உரத்த ஓசை கடிகாரத்தினுடையதே என்னும் பொருள்பட டேவிட் ஓகில்வி 1958இல் எழுதிய விளம்பரம் தொடங்கி, 1991இல் எஸ் கிளாஸ் ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி வைத்தது வரையிலும், ஓசையை வெளியே நிறுத்துவதே எல்லோருடைய முயற்சியாக இருந்தது. 2020ஆம் ஆண்டு ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்டில் 100 கிலோவுக்கும் அதிகமான ஒலித்தடுப்புப் பொருளைத் திணித்த பின்னர், அந்தப் பூரண நிசப்தம் மனிதருக்குத் தலைசுற்றலைத் தருவதாக எஞ்சினியர்களே கண்டு, மெல்லிய சுருதி ஒன்று கேட்கும்படி திருத்தி அமைத்தார்கள். தம்புராவில்லாத கச்சேரியைக் கேட்டுப் பழகாத நமக்கு இதில் ஆச்சரியமில்லை. மின்சாரக் கார்களில் எஞ்சினின் ஓசையே இல்லாமற்போகவே, ஐ7இல் திரைப்பட இசையமைப்பாளர் ஹான்ஸ் ஜிம்மரைக் கொண்டு செயற்கை நாதம் அமைத்திருக்கிறார்கள். வேண்டாதவர் அணைத்துவிடலாம்.

சங்கீதம் என்று வந்துவிட்ட பிறகு லால்குடிக்காரன் பேசாமல் இருக்க முடியாது. தியாகராஜ சுவாமிகள் எழுந்தருளிப் பஞ்சரத்தினம் பாடிய ஊர். அவருடைய சீடர் ராமய்யரின் வம்சத்தில் வந்த ஜயராமன் பிடிலைப் பாட வைத்த ஊர். 7 சீரிஸின் மிக உயர்ந்த ஒலி அமைப்பில் 36 ஸ்பீக்கர்களும் 1,965 வாட் சக்தியும் உண்டு. கூரையிலிருந்தும் ஒலி வரும். ஆசனத்தின் முதுகுப்பக்கத்தில் வைத்த அதிர்விகள் தாளத்துக்கேற்ப உடம்பைத் தட்டும். யுத்தத் திரைப்படத்துக்கு இது பொருந்தலாம். ஜயராமனுடைய பழைய பதிவுகளோ ஒரு ஸ்பீக்கருக்கோ இரு ஸ்பீக்கருக்கோ என்று செய்யப்பட்டவை. அவற்றை யந்திரம் தானே பிரித்து நாற்புறமும் வீசும்போது, எதிரே ஒருவர் உட்கார்ந்து வாசிக்கிற பிரமை கலைந்து, பிடிலுக்குள்ளேயே நம்மை உட்கார வைத்ததுபோல் ஆகிறது. விசேஷ அமைப்புகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, சாதாரண இரட்டை ஸ்பீக்கர் முறையில் வைத்துக் கேட்டால் அதே கருவிகள் அற்புதமாகப் பேசுகின்றன. அந்த முறையைக் கண்டுபிடிக்கத்தான் திரையில் நாலைந்து படி இறங்க வேண்டும்.

திரை என்னும் பிரதான வழக்கு இங்கேதான் தொடங்குகிறது. காரில் தொடுதிரை புதிதன்று. 1986ஆம் ஆண்டு பியூக் ரிவியேராவில் பச்சை எழுத்து ஒளிரும் சிறு தொலைக்காட்சிப் பெட்டி போன்ற திரை ஒன்று வந்து, வாடிக்கைக்காரர்களின் அதிருப்தியைச் சம்பாதித்து, சில வருஷங்களில் மறைந்தது. 2001இல் 7 சீரிஸில் பி.எம்.டபிள்யூ. வைத்த ‘ஐடிரைவ்’ குமிழ், நூற்றுக்கணக்கான வேலைகளை ஒரே திருகில் அடக்க முயன்று ஆரம்பத்தில் வசவு வாங்கினாலும், கண்ணை எடுக்காமல் கையால் மட்டும் இயக்கக்கூடியதென்பதால் பின்னர் மெச்சப்பட்டது. 2012இல் டெஸ்லா மாடல் எஸ், 17 அங்குலத் திரையை நட்ட நடுவே நிறுத்திப் பொத்தான்களைப் பெரும்பாலும் ஒழித்தவுடன், உலகத்தார் அனைவரும் அந்த வழியில் ஓடத் தொடங்கினர். பொத்தானுக்கு அச்சு, கம்பி, சோதனை என்று தனித்தனிச் செலவு உண்டு. திரையில் வரையும் பொத்தானுக்கு அச்செலவில்லை என்பதையும் மறக்கலாகாது. 2020இல் எஸ் கிளாஸ் முந்திய மாடலைவிட 27 பொத்தான்களைக் குறைத்துவிட்டதாகப் பெருமையோடு அறிவித்தது. அதன் மின்சார உறவான ஈக்யூஎஸ், டாஷ்போர்டு முழுவதையும் 141 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரே கண்ணாடிக்குள் மூன்று திரைகளாக்கிற்று. (பிள்ளையாரை எங்கே வைப்பது என்று அந்தக் காரைக் கண்ட என் சிநேகிதரொருவர் கேட்டார். காற்றுப்பை விரியும் இடத்தில் வைக்கலாகாது; கண்ணாடியில் ஒட்டினால் நிற்காது. நம் நாட்டில் பூட்டப்படும் காருக்கு இது சில்லறைக் கேள்வியாகாது.) 7 சீரிஸிலோ, ஓட்டுபவர் எதிரே 12.3 அங்குலமும் நடுவில் 14.9 அங்குலமுமாக இரு திரைகள் வளைந்து நிற்க, அவற்றின் கீழே ஸ்படிகம்போல் ஒளிரும் பட்டை ஒன்று ஏ.சி. முதலியவற்றின் ஸ்விட்சுகளை உள்ளடக்கிக் குறுக்கே ஓடுகிறது. அழகானது, வெயிலில் விரல்ரேகை தெரிவதும் அதே அழகோடுதான்.

இத்தகைய காரொன்றை நம் ஊரில் ஓட்டுகிறவர் யார்? சொந்தக்காரர் வைத்துள்ள நிரந்தர டிரைவர் லீவு போட்ட அன்று, எண்ணூறோ ஆயிரமோ கொடுத்துக் கூட்டி வந்த ஆக்டிங் டிரைவர். சென்ற வைகாசி முகூர்த்தமொன்றில், எங்கள் தெருவிலிருந்து ஸ்ரீரங்கத்துச் சத்திரத்துக்குப் புறப்பட்ட அத்தகைய புதுக் காரில் முன் ஆசனத்தில் இடம் கிடைத்து நானும் போனேன். வாளாடியைத் தாண்டியிருக்கமாட்டோம், பின்னாலிருந்த மூதாட்டி, “ஏம்ப்பா, இந்தக் காத்து நேரா மூஞ்சியிலேயே அடிக்கறதே, சித்தே திருப்பி விடேன்” என்றார். “இருங்க பாட்டிம்மா, எங்க இருக்குன்னு பார்த்துடறேன்” என்று டிரைவர் தம்பி காற்று வரும் துவாரத்தைத் தடவினார். திருப்புவதற்கு அங்கே பிடி எதுவும் இல்லை, திரையில் படத்தைத் தொட்டு விரலால் இழுக்க வேண்டும் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சாலையோரம் நிறுத்தித் திரையில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்ததில், உள்ளே விளக்கெல்லாம் ஊதா நிறமாயிற்று; வழிகாட்டும் பெண்குரல் ஆங்கிலத்தில் எதையோ கேட்டது; மூன்றாவது தடவை, “யார்டா அது முதுகைக் குத்தறது?” என்று மூதாட்டி அலறியதும்தான் ஆசனம் மசாஜ் செய்ய ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்தது. கடைசியில் அவர் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, வேளுக்குடியாரின் உபந்நியாசத்தைத் தன் கைப்பேசியிலேயே கேட்டுக்கொண்டு வந்தார். அம்பாஸிடராக இருந்திருந்தால் டிரைவர் பின்னால் திரும்பாமலே ஜன்னல் கண்ணாடியை இரண்டு சுற்று இறக்கச் சொல்லியிருப்பார், காரியம் முடிந்திருக்கும்.

இது தனிமனிதரின் அனுபவம் என்று ஒதுக்கிவிடாதபடி, சுவீடனில் வெளிவரும் ‘வி பிலேகாரே’ என்னும் மோட்டார் பத்திரிகை 2022இல் ஒரு சோதனை நடத்திற்று. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் காரை ஓட்டிக்கொண்டே, ஆசனச் சூட்டை ஏற்றுவது, வானொலி நிலையத்தை மாற்றுவது போன்ற நான்கு காரியங்களைச் செய்து முடிக்க, பொத்தான்கள் மட்டுமே உள்ள 2005ஆம் வருஷத்து வால்வோவில் 10 வினாடிகள் போதுமாயிருந்தன. அதற்குள் கார் சென்ற தூரம் 306 மீட்டர். சோதித்த புதிய கார்களில் மிகவும் பின்தங்கிய எம்ஜி மார்வெல் ஆர் 44.9 வினாடி எடுத்துக்கொண்டு 1,372 மீட்டர் போயிற்று. ஐரோப்பிய மோதல் சோதனை நிறுவனமான யூரோ என்கேப், 2026 முதல், திசை விளக்கு, அபாய விளக்கு, ஹாரன், கண்ணாடித் துடைப்பான், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனியான பொத்தானோ பிடியோ இல்லாத காருக்கு முழு மதிப்பெண் கிடையாது என்று விதித்திருக்கிறது. ஐந்து நட்சத்திரத்தை இழக்க எந்தக் கம்பெனிக்குத் துணிவு வரும்? ஆக, விட்டகன்ற பொத்தான்கள் சட்டத்தின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருகின்றன. மெர்சிடிஸாரும் ஸ்டியரிங்கில் உருளைகளை மறுபடி வைக்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

பின் ஆசனத்தாருக்கென்று 7 சீரிஸில் கூரையிலிருந்து இறங்கி வரும் 31.3 அங்குலத் திரை, இவ்வகைக் கார்களின் மிகப் பிரசித்தமான விநோதம். பொத்தானைத் தொட்டதும் திரை இறங்க, ஜன்னல்களிலும் பின் கண்ணாடியிலும் மறைப்புகள் தாமே ஏற, உட்புறம் சிறு சினிமாக் கொட்டகையாகிவிடும். இரண்டடிக்குச் சற்று அப்பால் இருக்கும் அவ்வளவு பெரிய திரையை ஓடும் வாகனத்தில் பார்த்தால் பலருக்குக் குமட்டும் என்பது ஒருபுறமிருக்க, திரை இறங்கியதும் ஓட்டுபவரின் உட்கண்ணாடியில் பின்புறச் சாலை அறவே மறைந்துபோகிறது. இதை உள்ளமைப்பின் வெற்றியென்று கொண்டாடுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. அதே காரின் பின்கதவில் 5.5 அங்குல அளவில் பதித்துள்ள சிறு திரையாவது கை எட்டும் இடத்தில் இருந்துகொண்டு ஆசனத்தையும் மறைப்பையும் இயக்க உதவுகிறது. தாமே திறந்து மூடும் கதவுகளையும் முதலில் சந்தேகத்தோடுதான் பார்த்தேன். அருகே ஆளோ தூணோ இருந்தால் உணர்ந்து நின்றுகொள்கிற அவை, கனமான கதவைத் தள்ள வலுவில்லாத முதியோருக்கு மெய்யான உதவி என்பதைக் கண்ட பிறகு அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டேன்.

உஷ்ணத்தின் கணக்கு தனி. வைகாசி வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் 60 டிகிரியைத் தொடக்கூடும். அதன்மேல் கூரை முழுவதையும் கண்ணாடியாக்கி, இரவில் ஒளிக்கோடுகள் மின்னும்படி செய்திருப்பது, சூரியனைத் தேடி அலைகிற மூனிச் நகரத்தாரின் ஆசையே தவிர நம்முடையதன்று. வெப்பக்கதிரைத் திருப்பும் பூச்சும் மறைப்பும் இல்லாமல் அது இங்கே சுமையாகவே முடியும். ஜன்னல்களில் கறுப்புப் படலம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012இல் தடுத்துவிட்டதால், தொழிற்சாலையிலேயே வைத்துத் தரும் பின்ஜன்னல் மறைப்புகளின் மதிப்பு நம் நாட்டில் இரட்டிப்பு. நான் மனதாரப் புகழ விரும்புவது வேறொன்றை: மண்டபத்தில் பந்தியிலிருந்து எழுமுன்பே கைப்பேசியின் மூலம் காரின் ஏ.சி.யை ஓடவிட்டு, குளிர்ந்த ஆசனத்தில் வந்து அமரும் வசதி. 1940இல் அமெரிக்கப் பேக்கார்டு கம்பெனி காரில் முதன்முதலாகக் குளிர்சாதனம் வைத்தபோது தொடங்கிய காரியம் இப்போதுதான் பூர்த்தியாயிற்று எனலாம். கண்ணுக்குத் தெரியாத, யாரையும் வேலை வாங்காத இத்தகைய நுட்பம் விளம்பரப் படத்தில் அழகாக விழாது; அதனால் அதைப் பற்றிய பேச்சும் குறைவு.

வேகத்தடைகளைக் குறித்தும் சொல்ல வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு மெல்ல வளைந்தெழ வேண்டும். நம் கிராமச் சாலைகளில் உள்ளவை அவ்விதியைப் படித்தவர்கள் போட்டவை அல்ல. காற்றுத் தாங்கிகளால் காரை 20 மில்லிமீட்டர் உயர்த்திக்கொள்ள 7 சீரிஸில் வழியுண்டு. அந்த ஸ்விட்சும் ஆக்டிங் டிரைவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூட்டுவலி உள்ளவர்கள் தாழ்ந்த ஆசனத்திலிருந்து எழச் சிரமப்படுவதும் இதனோடு சேர்ந்தே, வசதியுள்ள குடும்பங்களை உயரமான எஸ்.யூ.வி.களின் பக்கம் அழைத்துப் போய்விட்டது.

கடைசியாக ஆயுளைப் பற்றி. அம்பாஸிடர் 2014இல் உற்பத்தி நின்றுபோன பிறகும், அதன் எந்தப் பிடியையும் திருகையும் லேத்து உள்ள எந்தப் பட்டறையிலும் செய்து மாட்டிவிடுகிறார்கள். புதிய கார்களின் தோலும் மரமும் 20 வருஷம் உழைக்கும். திரைகளும் அவற்றுக்குள் இருக்கும் மென்பொருளும் எத்தனை வருஷம் உழைக்கும் என்பதற்கு விற்பவர் எழுத்தில் உத்தரவாதம் தருவதில்லை. அமெரிக்காவில் 2022இல் 3ஜி அலைவரிசையை நிறுத்தியதும், நல்ல நிலையில் இருந்த பல கார்களில் தொலைத்தொடர்பு வசதிகள் ஒரே நாளில் மௌனமாயின. அதே ஆண்டு, ஆசனத்தில் ஏற்கெனவே பொருத்தியிருக்கும் சூட்டுக் கம்பியை இயக்குவதற்குச் சில நாடுகளில் மாதச் சந்தா வசூலிக்கப் புறப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் 2023இல் பி.எம்.டபிள்யூ. அதைக் கைவிட்டது. சூட்டுக் கம்பியைப் பற்றி லால்குடியில் யாருக்கும் கவலையில்லை. ஆசன விசிறிக்குச் சந்தா கேட்கும் யோசனை யாருக்காவது உதிக்குமானால் அது வேறு கதை. இவ்வகைக் காரை வாங்க எண்ணுகிறவர், ஷோரூமின் குளிர்ந்த கூடத்தில் திரையைத் தடவிப் பார்ப்பதை விட்டு, பகல் இரண்டு மணிக்கு வெயிலில் நின்ற வண்டியில் வீட்டுப் பெரியவரைப் பின்னால் அமர்த்தி, அதுவரை அந்தக் காரைத் தொட்டே இராத டிரைவர் ஒருவரை ஸ்டியரிங்கில் உட்கார வைத்து, லால்குடிச் சாலையில் ஒருமுறை போய்வரச் சொல்லிக் கேட்கலாம். அவ்வாறு கேட்டால் விற்பனையாளர் மறுக்கமாட்டார்.